நூறு படம் தேர்ந்தெடுத்தும் ஒன்றுதான் ஏறுகிறதா? வானப் படங்களை மொத்தமாக ஏற்றும்போது வரும் கோளாறுகள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கும்போதுதான் டெல்டாவில் வானம் சரியாகத் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மூட்டை கட்டி வைத்த கேமராக்கள் மொட்டை மாடிக்கு வரும். அடுத்த நாள் காலையில் எனக்குப் போன் வரும்: "அண்ணே, எல்லாத்தையும் செலக்ட் பண்ணினேன், ஒண்ணுதான் உள்ள போச்சு." கும்பகோணத்திலிருந்து வந்தாலும் வேதாரண்யத்திலிருந்து வந்தாலும் கோளாறுகள் சுற்றிச் சுற்றி இவைதான்.

ஒரே வானப் பகுதியைப் பல முறை எடுத்த படங்களை அடுக்கி ஒரே தெளிவான படமாக்குவதுதான் 'ஸ்டாக்'. அதற்கு எங்கள் பக்கம் பெரும்பாலும் டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் என்ற இரண்டு சாஃப்ட்வேர்தான் ஓடுகின்றன. இரண்டும் இலவசம். கீழே இருப்பவை அவற்றையும் விண்டோஸ் லேப்டாப்பையும் மனதில் வைத்து எழுதியவை. உங்கள் அறிகுறிக்கு உரிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் போகும் காரணம் கடைசியில்.

சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். பத்தில் ஒன்பது முறை கோளாறு ஃபோல்டரில்தான் இருக்கும்.

## எந்தத் தலைப்புக்கும் முன்: எண்ணுங்கள்

ஃபோல்டரைத் திறந்தால் அடியில் இடது மூலையில் எத்தனை ஃபைல் என்று விண்டோஸ் காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேரில் ஏற்றியபின் பட்டியலில் எத்தனை வரி என்று பாருங்கள். ஸ்டாக் முடிந்ததும் எத்தனை படம் சேர்ந்தது என்று அதுவே சொல்லும். இந்த மூன்று எண்களில் எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறதோ அங்கேதான் கோளாறு. இந்த எண்களைச் சொல்லாமல் "சரியா வரல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

## "கன்ட்ரோல்-ஏ அழுத்தினேன், ஒன்றுதான் வந்தது"

எதுவுமே தேர்வாகவில்லை என்றால்

ஓபன் பெட்டி திறந்தவுடன் கர்சர் கீழே இருக்கும் ஃபைல்-பெயர்க் கட்டத்தில் நிற்கும். அப்போது கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் அந்தக் கட்டத்தில் உள்ள எழுத்துகள்தான் தேர்வாகும். மேலே உள்ள பட்டியலில் ஏதாவது ஒரு படத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டு, பிறகு கன்ட்ரோல்-ஏ.

எல்லாம் நீலமானது, ஆனால் ஒன்றுதான் ஏறியது என்றால்

நீலமான பின் பழக்க தோஷத்தில் ஒரு படத்தை இரட்டைச் சொடுக்கு செய்திருப்பீர்கள். அது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் திறக்கும். தேர்வு முடிந்ததும் எலியை நேராக 'ஓபன்' பொத்தானுக்குக் கொண்டு போங்கள்.

நடுவில் சிலவற்றை விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்

முதல் படத்தைச் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படத்தைச் சொடுக்கினால் இடையில் உள்ளது முழுக்க வரும். அதிலிருந்து மேகம் வந்த படங்களைக் கழிக்க, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அவற்றைச் சொடுக்குங்கள். இன்னொரு தொகுதியையும் சேர்க்க வேண்டுமா? அதன் முதல் படத்தைக் கன்ட்ரோலுடனும், கடைசிப் படத்தைக் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டும் சொடுக்க வேண்டும். பழைய தேர்வு கலையாது.

டச்பேடில் இதைச் செய்யும்போது ஒரு ஆபத்து உண்டு. கன்ட்ரோல் பிடித்திருக்கையில் விரல் கொஞ்சம் இழுபட்டாலும் விண்டோஸ் அதை 'நகல் எடு' என்று எடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த அத்தனை படத்துக்கும் நகல் போடத் தொடங்கும். பெயரின் இறுதியில் 'காப்பி' என்று ஒட்டிய ஃபைல்கள் தெரிந்தால் இதுதான் நடந்தது. உடனே கன்ட்ரோல்-இசட் அழுத்துங்கள். இந்தத் தொல்லை அடிக்கடி வந்தால் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் டிக் கட்டம் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது ஒரு சாதாரண எலி வாங்கிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஐம்பது படம் ஏறுகிறது, ஐந்நூறு ஏறவில்லை என்றால்

பழைய சாஃப்ட்வேர்களில் இது உண்டு. தேர்ந்தெடுத்த பெயர்களையெல்லாம் வாங்கிக்கொள்ள அவை ஒதுக்கி வைத்த இடம் சிறியது. பெயர்கள் அதில் அடங்காவிட்டால் சத்தமில்லாமல் எதையும் ஏற்றாது. பாதிப் பாதியாக ஏற்றுங்கள். இல்லையென்றால் எக்ஸ்ப்ளோரரில் தேர்ந்தெடுத்து இழுத்து வந்து சாஃப்ட்வேர் ஜன்னலில் போடுங்கள். பெயர்களைச் சுருக்கினாலும் அதே இடத்தில் அதிகப் படம் கொள்ளும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

நோட்பேடைத் திறந்து ஷிஃப்டைப் பிடித்து ஓர் ஆங்கில எழுத்தை அடியுங்கள். பெரிய எழுத்து வருகிறதா? இடது ஷிஃப்ட், வலது ஷிஃப்ட் இரண்டையும் சோதியுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கீபோர்டு சீக்கிரம் பழுதாகும். தற்காலிகமாக ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் லேப்டாப் கீபோர்டு மாற்றத்துக்குக் கடைக்குப் போகலாம். அவசரமில்லை, வெளிக் கீபோர்டிலேயே காலம் தள்ளலாம்.

## "ஃபோல்டரில் படம் இருக்கிறது, சாஃப்ட்வேரில் காலியாகத் தெரிகிறது"

அது உங்களிடம் கேட்பது ஃபைலையா, ஃபோல்டரையா என்று முதலில் பாருங்கள். சிரிலில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அது வேலை நடக்கும் ஃபோல்டரைத்தான் கேட்கிறது. ஃபோல்டரைக் கேட்கும் பெட்டியில் ஃபைல்கள் தெரியாது. படங்கள் அழிந்துவிட்டன என்று பதறிப் போன் செய்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான். காலியாகத் தெரிந்தாலும் அந்த ஃபோல்டரையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபைலைத்தான் கேட்கிறது என்றால் கீழே வலது பக்கம் உள்ள வடிகட்டிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான ஃபைல் வடிவம்) மட்டும் என்று இருந்தால் கேனானின் சிஆர்2, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ எதுவும் தெரியாது. 'எல்லா ஃபைலும்' என்று மாற்றுங்கள்.

மாற்றியபின் தெரிகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் கேமரா புதிது, சாஃப்ட்வேர் பழசு. கேனானின் சிஆர்3 வடிவம் 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் புதிய பதிப்பை இறக்கி நிறுவுவது நியாயம்.

போனை கேபிளில் இணைத்து, போனுக்குள் இருக்கும் ஃபோல்டரிலிருந்தே நேராகத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறீர்களா? அது வேண்டாம். விண்டோஸில் போன் ஒரு நிஜ டிரைவாகத் தெரிவதில்லை, பல சாஃப்ட்வேர்களால் அதற்குள் போக முடியாது. முதலில் லேப்டாப்புக்கு நகலெடுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் என்றால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, அளவு மாறி வரும். அதை ஸ்டாக் செய்து பயனில்லை.

## "பாதிதான் இருக்கிறது"

ராத்திரி முழுக்க எடுத்தீர்கள், ஃபோல்டரில் பாதிதான். படம் தொலைந்திருக்காது, வேறு ஃபோல்டரில் இருக்கும்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் நினைவிருக்கும். சந்திரன் முழுதாக மறைந்திருந்தது இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை. தேதிவாரியாக ஃபோல்டர் போடும் முறையில் படங்களை இறக்கியவர்களுக்கு, நள்ளிரவுக்கு முந்தியவை 7-ஆம் தேதி ஃபோல்டரிலும் பிந்தியவை 8-ஆம் தேதி ஃபோல்டரிலும் போய் உட்கார்ந்தன. இரவு எடுக்கும் படங்களுக்கு இந்த வசதியை நிறுத்திவிட்டு, கார்டிலிருந்து கையால் நகலெடுப்பதே நல்லது.

இன்னொரு காரணம் கேமராவின் எண். கேனானில் ஐஎம்ஜி_9999-க்கு அடுத்தது ஐஎம்ஜி_0001. அத்தோடு 100கேனான் ஃபோல்டர் முடிந்து 101கேனான் தொடங்கும். கார்டில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே இடத்துக்கு நகலெடுக்கும்போது ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால் 'ரீப்ளேஸ்' செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். அதை அழுத்தாதீர்கள். முதலில் இருந்த படம் போய்விடும், ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது தனித்தனி ஃபோல்டரில் போடுங்கள்.

## "எடுத்ததைவிட அதிகமாகக் காட்டுகிறது"

சரியாக இரண்டு மடங்கு என்றால், கேமராவில் ரா-வும் (சென்சாரில் பதிவானதை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஜேபெக்கும் சேர்த்துப் பதிவாகும்படி வைத்திருக்கிறீர்கள். ஒரே பெயர், இரண்டு ஃபைல். விண்டோஸ் வழக்கமாக ஃபைலின் பின்னொட்டை மறைத்துவிடுவதால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். வியூ மெனுவில் பின்னொட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஃபைல் வகைப்படி வரிசைப்படுத்தினால் ராவெல்லாம் ஒருபக்கம், ஜேபெக்கெல்லாம் ஒருபக்கம் வந்துவிடும். ஜேபெக்கை வெட்டி இன்னொரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். சிரில் ஸ்கிரிப்ட் ஃபோல்டரில் கண்ட படத்தையெல்லாம் ஒரே வரிசையில் மாற்றிவிடும், இரண்டும் கலந்திருந்தால் அடுத்த கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டு மடங்கு, ஆனால் கூடுதலாக உள்ளவை ஒவ்வொன்றும் 4 கேபிதான் என்றால், அந்தக் கார்டோ பென்டிரைவோ ஒரு மேக் கணினியைப் பார்த்து வந்திருக்கிறது. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் பெயர்களில் மேக் விட்டுச்செல்லும் குறிப்பு ஃபைல்கள் அவை. படமில்லை. அளவுப்படி வரிசைப்படுத்தி மொத்தமாக அழித்துவிடலாம்.

## "பட்டியலில் வந்தது, திறக்க மாட்டேன் என்கிறது"

இதில்தான் எங்கள் ஊர்க்காரர்களின் நேரம் அதிகம் போகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

எல்லாப் படத்துக்கும் அப்படி என்றால்: ஃபோல்டர் பெயர்

நம் ஆட்களுக்கு ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் தாராளம். 'தை அமாவாசை - கோடியக்கரை - மாமா கேமரா - ஓரியன் நெபுலா - நல்லது' என்று தமிழிலேயே வைத்து, அதற்குள் இன்னும் மூன்று ஃபோல்டர் இருக்கும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு சிக்கல்.

பழைய விண்டோஸ் நிரல்கள் யூனிகோடு புரியாமல் எழுதப்பட்டவை. அவை பயன்படுத்தும் பழைய எழுத்துத் தொகுப்புகளில் தமிழுக்கென்று விண்டோஸில் ஒன்று இருந்ததே இல்லை. அப்படிப்பட்ட நிரலுக்குத் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும், அந்தப் பெயரில் ஃபைலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பிழைச் செய்தியில் ???? என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது நீளம். டிரைவிலிருந்து ஃபைல் பெயர் வரை எல்லாம் சேர்த்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய வரம்பு, பல நிரல்கள் இன்னும் அதற்குள்தான் ஓடுகின்றன. தமிழில் எழுதினால் இந்த இடம் வேகமாகத் தீரும். கோடியக்கரை என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு அது 10.

சோதனை எளிது. டி டிரைவில் ஆங்கிலத்தில் எம்42 என்பது போல மூன்று எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஐந்தே படத்தை அதில் நகலெடுத்து ஏற்றிப் பாருங்கள். திறந்தால் பெயர்தான் காரணம். டி டிரைவ் இல்லாவிட்டால் சி டிரைவின் வாசலிலேயே போடலாம், டெஸ்க்டாப்பில் மட்டும் வேண்டாம். ஊர், நாள், யார் கேமரா போன்ற விவரமெல்லாம் ஃபோல்டருக்குள் ஒரு நோட்பேடு ஃபைலில் தமிழில் தாராளமாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சில படங்கள் மட்டும் அப்படி என்றால்: முழுதாக வராத ஃபைல்

நகலெடுக்கும்போது கரண்ட் போனதா? கார்டைச் சீக்கிரம் பிடுங்கினீர்களா? அளவுப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். சுழி பைட், அல்லது மற்றதில் பாதி அளவு என்று ஒன்றிரண்டு தனியாக நிற்கும். கார்டில் மூலப் படம் இருந்தால் மறுபடி நகலெடுத்தால் போதும். அதனால்தான் ஸ்டாக் முடிந்து பார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது.

ஃபிட்ஸ் ஃபைல் என்றால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஃபிட்ஸ் தரத்தின்படி ஃபைலின் அளவு 2880 பைட்டின் மடங்காகவே இருக்கும். ப்ராப்பர்டீஸில் காட்டும் பைட் எண்ணிக்கையை 2880-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் ஃபைல் நடுவில் அறுந்தது. ஒரே கேமராவில் ஒரே அமைப்பில் எடுத்த ஃபிட்ஸ்கள் ஒரே அளவில் இருக்கும் என்பதால், வகுக்காமலேயே எது ஊனம் என்று தெரிந்துவிடும்.

மேகச் சின்னம் தெரிகிறது என்றால்

வானத்து மேகமில்லை. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் இருந்தால் அது ஒன்டிரைவில் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பில் பெயர் மட்டும்தான். நூறு படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நூறையும் இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். ஊரில் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்குச் சாஃப்ட்வேர் உறைந்து நிற்கும். ஃபோல்டரின்மேல் வலது சொடுக்கு செய்து எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்று சொல்லி, இறங்கும்வரை காத்திருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவின் பிடியில் இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்க்டாப் வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை என்றால்

டீப்ஸ்கைஸ்டாக்கரில் பட்டியலைச் சேமித்தால் ஃபைல்கள் இருக்கும் முகவரிதான் சேமிக்கப்படும், படமில்லை. வெளி ஹார்டு டிஸ்க் நேற்று ஈ டிரைவாக இருந்து இன்று எஃப் ஆகியிருந்தால் பட்டியலுக்கு வழி தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தைத் திரும்பக் கொடுங்கள், அல்லது புதிதாக ஏற்றுங்கள்.

## "எல்லாம் ஏறியது, ஸ்டாக்கில் குறைகிறது"

எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒன்றுகூடச் சேரவில்லை. டீப்ஸ்கைஸ்டாக்கரில் படத்தை ஏற்றுவது ஒரு வேலை, டிக் போடுவது இன்னொரு வேலை. இடது பக்கம் 'செக் ஆல்' அழுத்தினீர்களா? அழுத்தியும் இல்லையென்றால், நீங்கள் கொடுத்தது சந்திரன் படமா? அந்த நிரலுக்கு நட்சத்திரம் வேண்டும், ஒவ்வொரு படத்திலும் குறைந்தது எட்டு. சந்திரனுக்கும் கோள்களுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்று தனி நிரல் இருக்கிறது. அதற்கு வீடியோவையோ டிஃப்பாக மாற்றிய படங்களையோ கொடுங்கள்.

சரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நூறு ஏற்றினால் எண்பது, ஐம்பது ஏற்றினால் நாற்பது. இது கோளாறே இல்லை. தரம் பார்த்துச் சிறந்த 80 சதவீதத்தை மட்டும் எடு என்று டீப்ஸ்கைஸ்டாக்கரின் ரிஜிஸ்டர் (நட்சத்திரங்களைக் கண்டறியும் கட்டம்) அமைப்பில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எல்லாம் வேண்டுமானால் 100 ஆக்குங்கள். நான் ஆக்க மாட்டேன். நம் வானத்தில் ஐந்தில் ஒன்று கெட்டுத்தான் போயிருக்கும்.

ஒரே ஒரு படம்தான் சேரும் என்று எச்சரிக்கிறது. நட்சத்திரங்களை அது கண்டுபிடிக்கவில்லை. ரிஜிஸ்டர் அமைப்பில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் நட்சத்திரம் கண்டறியும் அளவைக் குறையுங்கள். பக்கத்திலேயே எத்தனை நட்சத்திரம் கிடைக்கிறது என்று எண்ணிக் காட்டும் பொத்தான் இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் வரும்வரை குறைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் போனால் இரைச்சலையும் நட்சத்திரம் என்று எண்ணுகிறது, கொஞ்சம் ஏற்றுங்கள்.

அளவை எவ்வளவு குறைத்தும் பலிக்காவிட்டால் படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டிருக்கிறதா? நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகைதான் உயரும். தென்னை மட்டைக்குப் பின்னால் இருக்கும் அதைத் தேடி அலுத்துப்போய், நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து சுழலும் கேமராத் தாங்கியைக் குத்துமதிப்பாக வடக்கே திருப்பிவைத்துவிட்டுப் படமெடுக்கிறோம். கோடு விழத்தான் செய்யும். சாஃப்ட்வேரில் இதற்கு மருந்தில்லை. அடுத்த முறை கேமரா ஷட்டரின் திறப்பு நேரத்தைக் குறையுங்கள்.

முதலில் உள்ளவை சேர்கின்றன, பின்னால் உள்ளவை உதிர்கின்றன. பனி. மார்கழி, தை மாதங்களில் வயலோரம் நடுச்சாமத்துக்கு மேல் லென்ஸ் நனைந்துவிடும். படங்களை வரிசையாக ஓட்டினால் நட்சத்திரங்கள் மெல்ல ஊதிப் பெருத்து மங்குவது தெரியும். மங்கத் தொடங்கிய படத்திலிருந்து கடைசிவரை ஷிஃப்டில் பிடித்து டிக்கை எடுத்துவிடுங்கள். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டை வாங்குவது டெல்டாவில் ஆடம்பரமில்லை.

நடுநடுவே சில உதிர்கின்றன. மேகம், அறுவடை இயந்திரத்தின் விளக்கு, கடற்கரைப் பக்கமானால் இறால் குட்டை விளக்கு. உதிர்ந்ததே நல்லது, விடுங்கள்.

இரண்டு கேமராப் படங்களில் ஒரு கேமராவுடையது மட்டும் சேர்கிறது. அளவு வேறாக இருந்தால் சேராது. இரண்டையும் தனித்தனியாக ஸ்டாக் செய்து கடைசியில் இணைக்கலாம். ஒரே கேமரா, வெவ்வேறு இரவு என்றால் டீப்ஸ்கைஸ்டாக்கரின் அடியில் உள்ள குரூப் பக்கங்கள் உதவும். மெயின் குரூப்பில் போடும் டார்க் (லென்ஸை மூடி எடுத்தது), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்தது) போன்ற திருத்தப் படங்கள் எல்லா இரவுக்கும் பொருந்தும். குரூப் 1-இல் போட்டது அந்த இரவுக்கு மட்டும்.

## "சிரில் ஸ்கிரிப்ட் தொடங்கியதும் நின்றுவிடுகிறது"

சிரில் ஸ்கிரிப்டில் நீங்கள் படங்களைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. லைட்ஸ் (வானப் படங்கள்), டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயாசஸ் (லென்ஸை மூடி மிகக் குறைந்த திறப்பு நேரத்தில் எடுத்தவை) என்று நான்கு ஃபோல்டர் போட்டு, அவற்றுக்கு வெளியே உள்ள தாய் ஃபோல்டரை வேலை ஃபோல்டராகக் காட்டினால் அது தானே எடுத்துக்கொள்ளும். நின்றால் மூன்றே கேள்விகள்.

தாய் ஃபோல்டரைக் காட்டினீர்களா, தவறி லைட்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே போய்விட்டீர்களா? பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், கடைசி எழுத்தான 'எஸ்' விடாமல் எழுதினீர்களா? லினக்ஸில் முதல் எழுத்து பெரிதாக இருந்தாலே கண்டுகொள்ளாது. டார்க்கோ ஃப்ளாட்டோ எடுக்காமல் முழு ஸ்கிரிப்டை ஓட்டினீர்களா? அவை இல்லாமல் ஓட வேறு ஸ்கிரிப்டுகள் அதே பட்டியலில் இருக்கின்றன, பெயரிலேயே 'வித்தவுட்' என்று இருக்கும்.

## "வரிசை மாறி ஏறுகிறது"

ஸ்டாக் செய்யத்தான் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. எந்த வரிசையில் ஏற்றினாலும் ஒரே முடிவுதான்.

டைம்லாப்ஸ் என்றால் வரிசை முக்கியம். 1, 10, 100, 2 என்று ஏறினால் பெயரை எழுத்தாகப் படிக்கிறது, எண்ணாகப் பார்க்கவில்லை. விண்டோஸில் எஃப்2 போட்டு மொத்தமாகப் பெயர் மாற்றினால் முன்னால் சுழி வராது, இதே சிக்கல் திரும்பும். 0001, 0002 என்று சுழியோடு பெயர் மாற்றித் தரும் நிரல் ஒன்றைப் பயன்படுத்துங்கள், மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் இலவசமாக இருக்கிறது. மாற்றும் முன் படமெடுத்த நேரப்படி வரிசைப்படுத்த மறக்க வேண்டாம்.

## "பாதி ஓடி நின்றுவிடுகிறது"

முதல் சந்தேகம் டிஸ்க் இடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் சுமார் 25, 30 எம்பிதான். வண்ணம் பிரித்து 32 பிட்டில் விரித்தால் 24 × 3 × 4, அதாவது ஒரு படம் 288 எம்பி. நூறு படத்துக்கு 28.8 ஜிபி. நட்சத்திரங்களைப் பொருத்தி இன்னொரு நகல் எழுதும்போது மறுபடி 28.8. முதல் மாற்றத்தையும் சேர்த்தால் 60 ஜிபி தாண்டும். சி டிரைவில் 20 ஜிபி வைத்துக்கொண்டு நூறு படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது எங்கே போகும்?

இடம் பிடித்திருப்பது பெரும்பாலும் சிரில் உருவாக்கிய 'ப்ராசஸ்' ஃபோல்டர். முடிவுப் படம் தாய் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய ப்ராசஸ் ஃபோல்டர்களை அழியுங்கள். அதுவே பெரும்பாலும் போதும். பிட் அளவை 16 ஆக்கினால் தேவைப்படும் இடம் பாதியாகும்.

இடம் இருந்தும் நின்றால் ராம். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் நூறு படம் ஓடாது என்றில்லை, பிரௌசரை மூடிவிட்டு இருபது இருபதாக ஓட்டலாம். பொறுமையும் கரண்டும் வேண்டும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் செருகிவிட்டு இரவு முழுக்க ஓட விடாதீர்கள். எழுதும்போது கரண்ட் போனால் டிஸ்க்கும் அடிவாங்கும். கூடுதல் ராமும் எஸ்எஸ்டியும் போடுவது இந்தப் பட்டியலிலேயே பயனுள்ள செலவு. ஆனால் வாங்கும் முன் உங்கள் மாடலில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கடைக்காரரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும்.

இடமும் ராமும் இருந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு படத்தில் நின்றால் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். நகலெடுக்கும்போதும் அதே இடறல், டிஸ்க்கிலிருந்து டிக் டிக் சத்தம் என்றால் ஸ்டாக்கிங்கை நிறுத்திவிட்டு, முதல் வேலையாகப் படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பிறகு சர்வீஸ் கடை.

## "கார்டையே ஃபார்மேட் செய்யச் சொல்கிறது"

வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்டை எடுத்து வேறு ரீடரில், வேறு லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். ரீடர்தான் கெட்டிருக்கும் வாய்ப்பு நிறைய.

எங்கும் தெரியவில்லை என்றால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் கார்டிலிருந்து படங்களை மீட்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் லேப்டாப்பில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்ப வராது, ஆகவே எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தித்தான் லைட், டார்க் எனப் பிரிக்க வேண்டும்.

கணினியில் செருகினால் எந்தச் சலனமும் இல்லை, அல்லது கார்டு தொட முடியாத அளவு சுடுகிறது என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி தரவு மீட்பு செய்பவர் வேலை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கொடுக்கும் முன் இரண்டு விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள்: பார்த்துச் சொல்வதற்கு மட்டும் எவ்வளவு, படம் கிடைக்காவிட்டால் எவ்வளவு. என்ன கேமரா, எந்த ரா வடிவம், கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கார்டோடு கொடுங்கள். ஓரியன் நெபுலாதான் என்றால் அடுத்த தையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதே கார்டில் தங்கையின் கல்யாணப் படமும் இருந்தால் அது வேறு கணக்கு.